கட்டாயம் என்று எழுதியது நான்

"கட்டாயம்" என்ற சொல்லை நான் இப்போது பாவிப்பதில்லை. கலியாண வீட்டுக்கு யாராவது கூப்பிட்டால் "வாறன்" என்று மட்டும் சொல்வேன். "கட்டாயம் வரோணும்" என்று அவர்கள் அழுத்திச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு நிற்பேன். இவளுக்குப் பெருமை என்று சிலர் கதைக்கிறார்கள். கதைக்கட்டும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டில் நாங்கள் கியூபெக்கில், வில்லரே என்ற பகுதியில், ஒரே கட்டடத்தில் இருந்தோம். கீழ் வீட்டில் நான். மேல் வீட்டில் அண்ணையும் அவர் மனைவியும், அதாவது என் மச்சாள். அண்ணைதான் என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர். அவர் டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் குசினியில் மரக்கறி வெட்டினார். பதினாலு வருடமாக அதே மேசை, அதே கத்தி. கரட்டை நெருப்புக்குச்சி அளவில் வெட்டிப்போட்டால் ஒன்றுக்கொன்று மயிரளவும் வித்தியாசம் இராது. "உங்கடை கைக்குள்ளை அடிமட்டம் வச்சிருக்கிறியளோ?" என்று நான் கேட்பேன். "ஓம், உனக்குத் தெரியாதோ, ஆசுப்பத்திரியிலை வச்சுத் தைச்சுவிட்டவங்கள்" என்பார்.

எதைக் கேட்டாலும் அவருக்கு "கட்டாயம்"தான். லாம்பு மாட்ட வேண்டும் என்றால் கட்டாயம். பனி வழிக்க வேண்டும் என்றால் கட்டாயம். "கட்டாயம் வாறன்" என்று சொன்னால் வந்துவிடுவார். "கட்டாயம் பேந்து வாறன்" என்று, பிறகு என்பதற்கு அந்தப் பேந்துவைச் சேர்த்துச் சொன்னால், அன்றைக்கு வரமாட்டார். இந்த வித்தியாசம் எனக்கும் மச்சாளுக்கும் நன்றாகத் தெரியும்.

அவருக்கு நெஞ்சில் துடிப்பு ஒழுங்கில்லாமல் தப்பித் தப்பி அடிக்கும். பிறஷரும் இருந்தது. இரத்தம் உறைந்து மூளைக்குப் போகாமல் இருக்க ஒரு குளிசை, பிறஷருக்கு இரண்டு, துடிப்புக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. ஐந்தையும் நாள் தவறாமல் போடவேண்டும் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஹோட்டல் தன் வேலையாட்களுக்குப் பிடித்து வைத்திருந்த காப்புறுதியில் அவருடைய மருந்து வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டெழுத்து வேலை பார்த்தவள் நான். இங்கே வந்து எங்கெங்கோ அலைந்து, கடைசியில் டவுன்டவுனில் ஒரு சட்டப் பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் தமிழ்நாட்டுக்காரர், நாற்பது வருடமாக இங்கே இருப்பவர். கண் மங்கிக்கொண்டு வந்ததால், அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டுவேன், பழைய சட்டப் புத்தகங்களைப் புரட்டி அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பேன். அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகம் முழுக்க ஒரே ஒரு கேள்விதான். நீ காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும் என்று ஓர் அரசாங்கம் தன் சனத்தைக் கட்டாயப்படுத்தலாமா? அதற்கு அரசியலமைப்பு இடம் கொடுக்கிறதா?

முதல் கிழமை எனக்குக் கொட்டாவிதான் வந்தது. அரசியலமைப்பு என்றால் எனக்கு என்ன தெரியும்? எங்கள் நாட்டில் புது அரசியலமைப்பு வந்த ஒவ்வொரு முறையும் எங்களுக்கு அடி விழுந்தது, அவ்வளவுதான் தெரியும். பேராசிரியரிடம் அதை அப்படியே சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இதைவிடச் சுருக்கமா யாரும் சொன்னதில்லைங்க" என்றார்.

பிறகு எனக்கே ருசி பிடித்துவிட்டது. இந்தக் கட்டாயம் புதிதில்லையாம். அமெரிக்கா தனிநாடான சில வருடங்களிலேயே கப்பல் மாலுமிகளின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து, அந்தப் பணத்தில் மாலுமிகளுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். இங்கே கியூபெக் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிடமும் நோயாளி மாலுமிகளுக்கென்று தீர்வை வாங்கியிருக்கிறார்கள். பிறகு ஜெர்மனியில் தொழிலாளர்களுக்குக் கட்டாய நோய்க் காப்புறுதி. பிறகு முப்பதுகளில் சனம் வேலையில்லாமல் தெருவில் நின்றபோது, ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு வேலையில்லாதவர்களுக்கென்று ஒரு கட்டாயக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது இந்த நாட்டு வழக்குகளுக்கும் மேலாக இருந்த லண்டன் நீதிபதிகள் அதைத் தூக்கி எறிந்தார்கள். காப்புறுதி மாகாணத்தின் விஷயம், உனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகவே அரசியலமைப்பைத் திருத்த வேண்டி வந்ததாம். வேலையிழப்புக்கு மட்டும் திருத்தினார்கள். நோய்க்குத் திருத்தவில்லை, அது மாகாணத்திடமே நின்றுவிட்டது.

ஆகவே கியூபெக்கில் கட்டாயம் போடுவது கியூபெக்தான். வைத்தியரும் ஆசுப்பத்திரியும் சூரியன் படம் போட்ட அரசாங்க மருத்துவ அட்டையோடு எல்லோருக்கும் வந்துவிடும். கடையில் வாங்கும் மருந்து அப்படி இல்லை. வேலையிடத்தில் காப்புறுதி இருந்தால் அதில் சேர்ந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அரசாங்கத்தின் மருந்துக் காப்புறுதியில் நீயே போய்ப் பதிய வேண்டும். தானாக வராது. எனக்கு வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. இந்த நாட்டில் என்னைவிட வடிவாக இது தெரிந்த தமிழச்சி இருந்திருக்கமாட்டாள். அந்தப் பவுசு எனக்கு இருந்தது, மறைக்கமாட்டேன்.

அந்த வசந்தத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் சுவாமியார் என்னைக் கூப்பிட்டார். வேலை போனவர்கள், புதிதாய் வந்தவர்கள் கனபேர் மருந்துக் காப்புறுதியில் பதியாமல் இருக்கிறார்களாம். பிரெஞ்சில் ஒரு துண்டு விளக்கம் இருக்கிறது, அதைத் தமிழில் எழுதித் தந்தால் ஞாயிறு பூசைக்குப் பிறகு கொடுக்கலாம் என்றார். "அரைப் பக்கத்துக்குள்ளை முடியுங்கோ, மற்றப் பாதியிலை திருவிழா அறிவித்தல் போடோணும்." கரும்பு தின்னக் கூலியா என்று நானும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பேராசிரியருக்கு அதை வாசித்துக் காட்டினேன். சண்டை தொடங்கியது.

"காப்பீடுன்னு போடுங்கம்மா. காப்புறுதி என்ன காப்புறுதி?"

"சேர், எங்கடை சனத்துக்குக் காப்பீடு எண்டால் விளங்காது. காப்பு எண்டால் கையிலை போடுறது."

"உறுதின்னு வந்துட்டா, ஏதோ நிச்சயமாக் கிடைக்கும்கிற மாதிரி ஒரு அர்த்தம் வந்துடுமே. இது கிடைக்கிற விஷயம் இல்லைங்க, சேரணும்கிற விஷயம்."

"நீங்கள் சென்னையிலை காப்பீடு எண்டு போடுங்கோ. இது வில்லரே."

அரை மணித்தியாலம் அந்த ஒரு சொல்லுக்காகப் பிடுங்குப்பட்டோம். நான் வென்றேன். அடுத்த சொல்லை இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டில் நான் எழுதியது இதுதான்: "கியூபெக்கில் வாழும் எல்லோருக்கும் மருந்துக் காப்புறுதி கட்டாயம். வேலையிடத்தில் காப்புறுதி இல்லாதவர்களுக்கு அரசாங்கக் காப்புறுதி கட்டாயம். பதிவு விபரங்களுக்குக் கீழுள்ள இலக்கத்தை அழைக்கவும்." பிரெஞ்சில் "நீங்களே பதிய வேண்டும்" என்று இருந்ததை, இடம் போதாமல், "பதிவு விபரங்களுக்கு" என்று நான் சுருக்கிவிட்டேன்.

பேராசிரியரின் ஊரில் நிச்சயத்துக்குக் "கண்டிப்பா" என்பார்கள். அதனால் கட்டாயம் என்ற சொல்லின் இரண்டாவது அர்த்தம் அவர் காதுக்குத் தட்டவில்லை. எனக்கு என்ன வந்தது? பிறந்ததிலிருந்து "கட்டாயம் வாறன், கட்டாயம் தாறன்" என்று கேட்டு வளர்ந்தவள். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அண்ணையின் வாயால் கேட்டவள். விசரி! சட்டப் புத்தகங்களைத் தட்டித் தட்டி அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்று நம்பிப் போனேன்.

துண்டை அண்ணை தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். "என்ரை தங்கச்சி எழுதினது. கோயில் முழுக்கக் குடுத்தது." எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, உள்ளுக்குள்ளே இனிப்பாகவும் இருந்தது.

அந்த ஆனியில்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மருத்துவத்துக்கு வரிசையில் காத்திருந்த ஒரு நோயாளியும் ஒரு வைத்தியரும் போட்ட வழக்கு. அரசாங்கக் காப்புறுதி இருக்கும் சிகிச்சைக்குத் தனியார் காப்புறுதி வாங்கக்கூடாது என்று கியூபெக் தடுத்து வைத்திருந்தது. வரிசை இவ்வளவு நீளமாக இருக்கும்போது அப்படித் தடுப்பது மாகாணத்தின் உரிமைச் சாசனத்துக்கு எதிரானது என்று நாலு நீதிபதிகள் சொன்னார்கள். மூன்று பேர் இல்லை என்றார்கள். பேராசிரியர் கதிரையிலேயே இருக்கவில்லை. எழுதிய அத்தியாயங்களில் பாதி இனி உதவாது என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் முகம் முழுக்கச் சந்தோஷம். அதன் பிறகு ஆறு மாதம் எனக்கு மூச்சு விட நேரமில்லை. வீட்டுக்கும் தாள்களைக் கட்டிக்கொண்டு வந்து திருத்தினேன்.

ஐப்பசியில் அண்ணையின் ஹோட்டல் குசினியை மூடிவிட்டார்கள். சாப்பாட்டை வெளியில் இருந்து எடுப்பதாம். பதினாலு வருட மேசைக்கு ஒரு கைகுலுக்கலும் ஒரு கடிதமும். அண்ணை தன் கத்தியைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். "பேந்து பாப்பம், வேலைதானே, எங்கை போகப் போகுது" என்றார். வேலையோடு காப்புறுதியும் போய்விட்டது. அது எனக்கு யோசனையிலேயே வரவில்லை. கட்டாயக் காப்புறுதி பற்றி நானூறு பக்கம் தட்டிக்கொண்டிருந்த எனக்கு!

ஐப்பசி முடியுமுன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் கீழே வந்தார். மேசை நிறையத் தாள் பரப்பி நான் அடிக்குறிப்பு சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்றார். நான் நிமிரவில்லை.

"தங்கச்சி, உந்தக் கோயில் பேப்பரிலை எழுதினது எல்லாருக்கும்தானே?"

"ஓம் அண்ணை. எல்லாருக்கும் கட்டாயம்."

"வேலை இல்லாத ஆக்களுக்கும்?"

"அண்ணை, அது சட்டம். ஒருத்தரும் விடுபடேலாது."

"அப்ப சரி" என்றார். "தேத்தண்ணி போடட்டோ உனக்கு?" என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் மேலே போய்விட்டார்.

ஒருத்தரும் விடுபடேலாது. யாரும் இதில் இருந்து தப்ப முடியாது என்று நான் சொன்னேன். யாரையும் இதில் விட்டுவிட மாட்டார்கள் என்று அவருக்குக் கேட்டது. ஐயோ, அந்த நேரம் நான் ஒரு தரம் நிமிர்ந்து அந்த மனிசனின் முகத்தைப் பார்த்திருந்தால் போதும். "ஏன் அண்ணை கேட்கிறியள்?" என்று மூன்று சொல் கேட்டிருந்தால் போதும். எடுக்க வேண்டியது ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. ஐந்து நிமிட வேலை.

மாசி மாதம் ஒரு காலையில் மச்சாள் மேலிருந்து கத்தினாள். நான் ஓடிப் போனபோது அண்ணை குசினி நிலத்தில் வலப்பக்கம் சரிந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது. கண் என்னைப் பார்த்தது. அம்புலன்ஸ் வந்தது. ஆசுப்பத்திரியில் ஒரு குறையும் இல்லை, அதற்கு அந்த அட்டை போதும். ஒரு சதமும் கேட்காமல் தலையைப் படம் பிடித்தார்கள், ஊசி போட்டார்கள், ஓடி ஓடிப் பார்த்தார்கள். இரத்தம் கட்டிபட்டு மூளைக்குப் போய் அடைத்துவிட்டது என்று இளம் வைத்தியர் சொன்னார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இதைத் தடுக்கும் மருந்தை அவர் எப்போது நிறுத்தினார்?"

"நிறுத்தவில்லை" என்றேன். அடித்துச் சொன்னேன். அவர் மருந்துக்கடையில் இருந்து வந்த தாளைக் காட்டினார். கடைசியாக முழு மருந்தும் எடுத்தது ஐப்பசியில்.

வீட்டுக்கு வந்து குசினியைப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் சின்னப் பலகை ஒன்று, அதன் மேல் அந்த ஹோட்டல் கத்தி. பலகையில் மா படிந்த மாதிரி வெள்ளைத் தூள். பழைய மருந்துப் போத்தல்களைத் திறந்தேன். எல்லாம் பாதிக் குளிசைகள். ஒரு போத்தலில் கால் துண்டுகள். ஒன்றுக்கொன்று மயிரளவும் வித்தியாசம் இல்லை. இரத்தத்துக்கான குளிசைப் போத்தல் வெறுமையாக இருந்தது. அதை எப்போதோ முடித்திருக்கிறார்.

நான் மச்சாளைப் பிடித்து உலுக்கினேன். உண்மையாகவே உலுக்கினேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"உங்களுக்கு வாய் இல்லையோ? இதைப் பாத்துக்கொண்டே இருந்தனீங்கள்?"

மச்சாள் அழவில்லை. கதிரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கார்த்திகையில் அண்ணை மருந்துக்கடைக்குப் போயிருக்கிறார். கணினியைப் பார்த்த பெண், காப்புறுதி இல்லை மெசியூ என்றிருக்கிறாள். பிறகு பிரெஞ்சில் வேகமாக வேறும் ஏதோ சொல்லி ஒரு இலக்கத்தைக் காட்டியிருக்கிறாள். அண்ணையிடம் இருந்தது குசினிப் பிரெஞ்சு. வெங்காயம், கத்தி, கெதியா, அவ்வளவுதான். அவருக்கு விளங்கியது முதல் வசனம் மட்டும்.

"எல்லாருக்கும் கட்டாயம் குடுக்கினம் எண்டால், எனக்கு மட்டும் இல்லை எண்டால், என்ரை பைலிலை ஏதோ பிழை பிடிச்சிட்டாங்கள் எண்டு சொன்னவர்" என்றாள் மச்சாள். "பிறந்த வருசம்தான் எண்டு பயந்தவர்." இந்த நாட்டுக்கு வரும்போது ஏஜென்சிக்காரன் கடவுச்சீட்டில் வேறு வருடம் போட்டுக் கொடுத்திருந்தான். அந்தப் பயம் அவரைப் பதினெட்டு வருடமாக விடவில்லை. தபால்காரன் மணி அடித்தாலும் முகம் மாறும். போய்க் கேட்டால் கிளறுவார்கள் என்று பேசாமல் இருந்திருக்கிறார்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்தானே?"

"நான் சொன்னனான், தங்கச்சியைக் கேளுங்கோவன் எண்டு. உம்மடை கொண்ணர் மாட்டன் எண்டிட்டார். அவள் எழுதின பேப்பர், கோயில் முழுக்கக் குடுத்தது, பிழை எண்டு தெரிஞ்சால் அவளுக்குத் தலைகுனிவு எண்டார். வேலை கிடைச்சால் எல்லாம் சரியாப் போகும், அதுவரைக்கும் வெட்டி வெட்டிப் போடுவம் எண்டவர்."

மச்சாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு வாய் இல்லைத்தான். நீர் கீழ் வீட்டிலைதானே இருந்தனீர். ஒருநாள் எண்டாலும் கேட்டனீரோ?"

குளிர்சாதனப் பெட்டியில் துண்டு அப்படியே இருந்தது. காந்தத்தை எடுத்துவிட்டு அதைக் கிழித்தேன். கிழித்து என்ன? கோயில் சனத்தின் வீடுகளில் எத்தனை துண்டு ஒட்டியிருந்ததோ, யாருக்குத் தெரியும்? அடுத்த ஞாயிறு சுவாமியாரிடம் சொல்லி, பூசை முடிய நானே ஏறி நின்று, தானாக வராது, நீங்கள்தான் பதிய வேண்டும் என்று சொன்னேன். பிறகு ஆறு பேர் வந்து, தாங்களும் வரும் என்றுதான் இருந்தோம் என்றார்கள். அதில் ஒருவர், "நீங்கள்தானே கட்டாயம் எண்டு எழுதினனீங்கள், தங்கச்சி" என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். அது கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

இரண்டு கிழமை கழித்து வேலைக்குப் போனேன். பேராசிரியர் கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அரசாங்கம் உன் மேல போடறதும் கட்டாயம், உனக்குத் தர்றது நிச்சயம்னாலும் கட்டாயம். ரெண்டுக்கும் நம்மகிட்ட ஒரே வார்த்தையா?" என்றார் தனக்குத்தானே. பிறகு மெல்லக் கேட்டார்: "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பேர் எதுவும் இல்லாம, இதை ஒரு அடிக்குறிப்பா போடலாமா?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "அடிக்குறிப்போ? என்ரை அண்ணை உங்களுக்கு அடிக்குறிப்போ, சேர்? மாலுமியளைப் பற்றி எழுதினியள், லண்டன் நீதிபதியளைப் பற்றி எழுதினியள். கட்டாயப்படுத்த ஆருக்கு அதிகாரம் எண்டு நூறு வருசமாக் கண்டறியாத வழக்குப் பேசினாங்கள். அந்தக் கட்டாயத்தை மரக்கறி வெட்டுற மனிசனுக்கு ஆர் சொல்லுறது எண்டு ஒருத்தனாவது எழுதினவனோ?"

சொல்ல வேண்டியவள் நான்தானே. என்னைத்தானே கேட்டார்கள் எழுதித் தரச்சொல்லி. குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி மெத்ரோவில் ஏறினேன். பெரி நிலையத்தில் மாறி ஏற வேண்டும். மாறவில்லை, கடைசி நிலையம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். அடுத்த கிழமை திரும்ப வேலைக்குப் போனேன், வாடகை கட்டவேண்டுமே. அந்த அடிக்குறிப்பை அவர் போடவில்லை. அதைப் பற்றி நாங்கள் பிறகு கதைக்கவும் இல்லை.

அண்ணையைப் பழக்கி எடுக்கும் ஆசுப்பத்திரிக்கு மாற்றினார்கள். வலக்கை விளங்கவில்லை. பேச்சுப் போய்விட்டது. ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. "ஓம்." சாப்பிட்டீர்களா என்றாலும் ஓம், நோகிறதா என்றாலும் ஓம், வேண்டாமா என்றாலும் ஓம். பேச்சுப் பயிற்சி கொடுத்த கியூபெக் பெண் முதல் நாள் குழம்பிப்போய் என்னிடம் வந்தாள். பிரெஞ்சில் ஓம் என்றால் மனிதன். "ஒரு மனிதன், ஒரு மனிதன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், யாரைத் தேடுகிறார்?" என்று கேட்டாள். ஆம் என்று சொல்கிறார் என்றேன். நல்ல விஷயம், நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் "கட்டாயம்" என்று சொல்வாரோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். சொல்லவில்லை. அந்தச் சொல்லும் போய்விட்டது.

சித்திரையில் வருமான வரிப் பத்திரம் நிரப்ப வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருடையதையும் நான்தான் நிரப்புவேன். அண்ணையுடையதைக் கட்டில் ஓரத்தில் வைத்து எழுதினேன். வெளியே அழுக்குப் பனி உருகிக்கொண்டிருந்தது. மாகாணப் பத்திரத்தில் ஒரு இடத்தில் மருந்துக் காப்புறுதியைக் கேட்பார்கள். எந்தெந்த மாதம் வேலையிடத்துக் காப்புறுதி இருந்தது என்று எழுத வேண்டும். ஐப்பசி வரைக்கும் எழுதினேன். கார்த்திகை, மார்கழி இரண்டு பெட்டியும் வெறுமையாக இருந்தன.

விதியை நான் மனப்பாடமாக அறிவேன். பேராசிரியருக்காக நானே தட்டியது. பதிந்திருக்க வேண்டியவர் பதியாமல் விட்டால், அந்த மாதங்களுக்கும் தவணை கட்ட வேண்டும். மருந்து கிடைக்காத மாதத்துக்கும் காப்புறுதிப் பணம். அண்ணை பலகையில் குளிசை வெட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு மாதத்துக்கு வரி அலுவலகம் அவரை மறக்கவில்லை. ஒருத்தரும் விடுபடேலாது என்று நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

எழுதி முடித்துவிட்டுப் பேனையைக் கீழே வைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் முன்னைய கண்தான். அதில் ஒரு குறையும் இல்லை. விளங்குகிறதா இல்லையா என்று வைத்தியர்களாலும் சொல்ல முடியவில்லை.

"அண்ணை" என்றேன். "அந்தப் பேப்பரிலை நான் எழுதினது பிழை. நீங்கள் போய்ப் பதிஞ்சிருக்கோணும் எண்டு எழுதியிருக்கோணும். பிழை உங்கடை பைலிலை இல்லை, அண்ணை. ஒருத்தரும் கிளறேல்லை. உங்களுக்குத் தந்திருப்பாங்கள். நான்தான் வடிவா எழுதேல்லை. கேக்குதோ? பிழை என்ரை."

"ஓம்" என்றார்.

பத்திரத்தின் பக்கங்களை ஒழுங்காக அடுக்கினேன். பிறகு, சீ, எவ்வளவு கேவலமான ஆள் நான், இன்னொரு தரம் கேட்டேன்.

"பிழை என்ரை இல்லைத்தானே, அண்ணை?"

"ஓம்" என்றார். அதே குரல், அதே கண்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பேனையை அவருடைய இடக்கையில் வைத்து, என் கையால் அதைப் பிடித்து, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு இழுத்தேன்.